நான்காம் எதிர்மனுதாரர்

உறையைப் பிரித்தேன்.
அரசு ஒன்று. மண்டல இணை இயக்குநர் இரண்டு.
கல்லூரிச் செயலர் மூன்று.
நான்காவதாக நான்,
அப்பா பெயரில் ஓர் எழுத்துப்பிழையோடு.

பதினோரு வருஷமாய் நூலகர்,
ஆம்பூர் தாண்டி நெடுஞ்சாலையோரக் கல்லூரியில்.
வருகைப் பதிவேட்டில்
ஆசிரியர் பக்கத்தில் மூன்று வருஷம்,
அலுவலர் பக்கத்தில் ஐந்து,
மீதிக்குத் தனித்தாள்
காவலாளிக்கும் தோட்டக்காரருக்கும் நடுவில்.
இப்போது உயர்நீதிமன்றம் கேட்கிறது
இவர் யார் என்று.
கேட்கட்டும். எனக்கும் தெரிய வேண்டும்.

விதி கேட்பது ஐம்பத்தைந்து.
என் முதுகலைச் சான்றிதழில்
ஐம்பத்து நாலு புள்ளி ஏழு.
முழுமையாக்கக் கூடாதென்று அடிக்குறிப்பு வேறு.
முப்பது காசுக்கு
மளிகைக் கடையில் மிட்டாய்கூடத் தருவதில்லை,
வேலை போகிறது.

அந்த முப்பது காசு விழுந்த இடம் தெரியும்.
காட்பாடியில் தேர்வு, மே மாதம்,
பெஞ்சில் முழங்கை ஒட்டிக்கொள்ளும் வெயில்.
வகைப்படுத்தல் தாளில் கேள்வி:
தோல் ஆலைக் கழிவால் கெட்ட ஆறு பற்றிய நூலுக்கு
எண் இடுக.
சுற்றுச்சூழல் கேடு, 363.7 என்றால் மதிப்பெண்.
நான் போட்டது 675. தோல்.
எங்கள் கிணற்றில் வாளி விட்டவர் எவரும்
வேறு எண் போட்டிருக்க மாட்டார்.
அதே மாதிரி ஒரு பாலாற்றுப் புத்தகம்
என் அலமாரியில் 675-இல்தான் நிற்கிறது.
ஆய்வுக்குழு வந்த அன்றும் நகர்த்தவில்லை.

வழக்குப் போட்டவர் நேற்று நேரில் வந்தார்.
தணிகைவேல், குடியாத்தம்.
அறுபத்தொரு சதவீதம், தகுதித் தேர்வும் தேறியவர்.
கூரியர் ஆபீஸில் பார்சலுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்.
அவருக்கு என்னைத் தெரியவில்லை.
விதி திருத்திய அந்த அரசிதழ் வேண்டுமாம்,
இரண்டு இடத்தில் தேடிவிட்டாராம்,
வக்கீல் அவசரப்படுத்துகிறாராம்.

இருந்தது.
கீழ்த்தட்டு, இடமிருந்து ஏழாவது,
பச்சை முதுகுத் தொகுதி.
‘இல்லை’ என்றிருக்கலாம்.
அது இருக்குமிடம்
இந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் தெரியாது.
நாக்கு நுனி வரைக்கும் வந்தது.
ஆனால் கை ஏற்கெனவே குனிந்துவிட்டது.

“எப்படி மேடம் இவ்ளோ சீக்கிரம்!”

ஆறு பக்கம், பக்கத்துக்கு ஒரு ரூபாய்.
பத்து கொடுத்தார், நாலு திருப்பினேன்.
உண்மை நகல் என்று முத்திரை குத்தினேன்,
முத்திரையில் இன்னும் வட ஆற்காடு மாவட்டம்.
ஊர் நகரவே இல்லை.
மாவட்டப் பெயர் மட்டும்
மூன்று தரம் மாறிப் போனது.

ரசீதில் என் கையெழுத்தைப் படித்தவர்
மேசைப் பலகையைப் பார்த்தார்.
பிறகு ரசீதை.
‘மேடம்’ அடுத்த முறை வாயில் வரவில்லை.
“அடுத்த ஜூனோட எனக்கு வயசு வரம்பு முடியுதுங்க”
என்றார், தாள்களைச் சுருட்டிக்கொண்டே.
“சுருட்டாதீங்க, எழுத்து அழியும்” என்றேன்.
வேறென்ன சொல்ல.
ஒரு பழைய கவரில் போட்டுக் கொடுத்தேன்.

ஜன்னல் வழியே பார்த்தேன்.
பஸ் நிறுத்தத்தில் நின்று படித்துக்கொண்டிருந்தார்,
விரலால் வரி பிடித்து,
இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு.
நல்ல நூலகராகத்தான் இருப்பார்.
அந்த நினைப்பு வந்ததில் எனக்கே கோபம்.

சாயங்காலம் தொகுதியை எடுத்து வைக்கும்போது
அந்தப் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்.
புத்தகங்களுக்குள் கிடைப்பவற்றுக்கு
என்னிடம் ஒரு டப்பா உண்டு:
ஹேர்பின், கட்டண ரசீது, சொடக்கு உடைந்த கம்மல்,
ஒருமுறை பாதி முறுக்கு.

டிக்கெட்டை எடுக்கவில்லை.
பதினெட்டாம் தேதி வாய்தா.
என் வக்கீலும்
அதே பக்கத்தைத்தான் கேட்டிருக்கிறார்.